ஐந்தடித் தாழ்வாரம்

சிங்கப்பூரின் தேக்காவில் மழை கொட்டினாலும் குடையில்லாமல் கடை கடையாக நடந்து போகலாம். கீழே கடை, மேலே வீடு, வாசலில் மாடியே கூரையாக நிற்கும் தாழ்வாரம். அதற்கு ஐந்தடி என்று பெயர். பல இடங்களில் அகலம் அதைவிட அதிகம்.

1822-ல் பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு இட்ட கட்டளையில் பிறந்தது இது. கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக இருக்கவேண்டும், முகப்புகள் ஒரே வரிசையில் நிற்கவேண்டும், முன்னால் எந்நேரமும் திறந்த தாழ்வாரம் விடவேண்டும். அதே திட்டம் ஊரை இனவாரியாகவும் பங்கு போட்டது. ஆனால் சீனருக்கென்று ஒதுக்கிய பக்கத்திலேயே 1827-ல் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதே சாலையில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் நிற்கிறது. இனக்கோடு கலைந்தது, தாழ்வாரம் நிலைத்தது.

கடைவீட்டின் முகப்பு குறுகல், உள்ளே நீளம். உத்தரம் எட்டும் தூரமே அகலம். வெளிச்சத்துக்கு நடுவில் வானம் பார்த்த திறப்பு. முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல செட்டியார்கள். ஆளுக்கொரு பெட்டகம், கணக்கெழுத ஒரு சிறு மேசை, உட்காரப் பாய். பகலெல்லாம் அங்கே கொடுக்கல் வாங்கல் நடக்கும். இரவில் அதே கிட்டங்கியில் படுக்கை விரியும். தொழிலுக்கும் குடியிருப்புக்கும் ஒரே கூரை.

தாழ்வாரம் யாருக்குச் சொந்தம்? வியாபாரி சரக்கை அங்கே அடுக்கினார், நகராட்சி வழியை விடு என்றது. 1888-ல் அதிகாரிகள் சரக்கை அப்புறப்படுத்த முனைந்தபோது கடையடைப்பும் கலவரமும் மூண்டன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

மாடிகளின் கதை இன்னும் கொடுமை. சன்னலில்லாத தடுப்பறைகளில் கூலிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நகரின் சுகாதாரம் குறித்து 1907-ல் வெளியான சிம்சன் அறிக்கை, கட்டடங்களுக்குப் பின்னால் சந்து வெட்டி வெளிச்சமும் காற்றும் வரச் செய்யச் சொன்னது. 1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காத்தது. ஆனால் பழுது பார்க்கும் ஆர்வம் உரிமையாளர்களுக்கு அற்றுப்போனது.

1989-ல்தான் லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளுக்கு அது தாமதம். 1970-களிலேயே அவை இடிபட்டுவிட்டன. பெட்டகங்களோடு பாய் விரித்திருந்த தெருவில் இப்போது அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன.