தஃஸியத்: ஒரு சொல்லின் பயணம்

மௌத்துச் செய்தி வந்தடைந்ததும் நம் நாவில் மூன்று சொற்கள் எழுகின்றன: இரங்கல், அனுதாபம், தஃஸியத். மூன்றையும் ஒன்றாகவே கருதுகிறோம். அவற்றின் வரலாறோ வேறு வேறு.

இரங்கல் தொன்மையான தமிழ்ச் சொல். தமிழிலக்கணம் அதனை நெய்தல் நிலத்தின் உரிப்பொருளாக வகுத்தது. இரங்குதல் என்பதற்கு ஒலித்தல் என்றும் பொருளுண்டு. முரசும் இரங்கும், கடலும் இரங்கும். திருவள்ளூர் மாவட்டத்து நெய்தற் கரையான பழவேற்காட்டில், தமிழை அரபு எழுத்தில் எழுதிய முஸ்லிம்களின் மரபிலோ தமிழின் இரங்கலும் அரபியின் தஃஸியத்தும் அருகருகே வாழ்ந்தன.

அனுதாபம் வடசொல். தாபம் என்பது வெப்பம். வடமொழியில் அனுதாபம் செய்த தவறுக்காக உள்ளம் வேகும் கழிவிரக்கத்தையே குறிக்கும். தமிழில் அது பிறர் துயர் கண்டு வருந்துதலாயிற்று. இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் 'அனுதாப அலை' என்று அரசியலிலும் புகுந்தது. "உன் அனுதாபம் எனக்கு வேண்டா" என்று ஒருவர் வெகுளவும் இடமளிக்கும் சொல் அது.

தஃஸியத் இவ்விரண்டினும் வேறானது. இழப்பின்போது கொள்ளும் பொறுமையை அரபியர் 'அஸா' என்பர். பிறரை அப்பொறுமை கொள்ளச் செய்வதே தஃஸியத். முன்னிரண்டும் நம் உள்ளத்தின் நிலையைச் சொல்பவை. இதுவோ துயருற்றவருக்கு நாம் ஆற்ற வேண்டிய செயலைச் சொல்வது. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இன்றோ துயருற்ற வீட்டாரே வந்தவர்க்கெல்லாம் சமைத்துப் பரிமாறும் நிலையைப் பல ஊர்களில் காண்கிறோம்!

பாரசீகம், உருது வழியே இச்சொல் இரண்டாகப் பிரிந்தது: தஃஸியத் என்றால் ஆறுதல், தாஸியா என்றால் முஹர்ரம் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்படும் மாதிரிக் கல்லறை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உழைக்கும் வடநாட்டுச் சகோதரரிடம் பேசுகையில் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நலம். அத்தகைய ஒருவர் இங்கே இறந்தால், உறவினர் ஆயிரம் கல் தொலைவில் இருப்பர். உடன் தங்கியிருந்த தோழர்களே குடும்பம். அவர்தம் அறைக்கு ஒருவேளை உணவு கொண்டு செல்வதும், ஊரிலிருக்கும் தாயிடம் தொலைபேசியில் பொறுமையை எடுத்துரைப்பதும் தஃஸியத்தே. பிற சமயத்து அண்டை வீட்டார்க்கும் ஆறுதல் கூறலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

சொல்லின் பொருளறிந்து அதனைச் செயலாக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.