பத்து வெள்ளியின் வரலாறு

சிவனடியார்களின் வரலாற்றை விரித்துரைக்கும் பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு தனிச்சிறப்புடையது. செல்வம் நிறைந்திருந்த காலத்தில் அடியார்களுக்கு அமுதளித்த அவர், வறுமை வந்துற்ற பின்னும் அத்தொண்டினைக் கைவிட்டாரில்லை. மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தபோது, மனைவியாரின் சொற்படி, அன்று பகலில் விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரி வந்தார். கூரையின் மரத்தை விறகாக்கினார். கொல்லைக் கீரையைக் கறியாக்கி விருந்தளித்தார். உடையவர் கொடுப்பது ஈகை. தம் தேவையைச் சுருக்கிக்கொண்டு இல்லாதவர் கொடுப்பது ஈகையினும் மேலானதொரு தவம்.

அத்தகைய தவத்தை நம் மலேசியத் திருநாட்டின் தோட்டப்புறங்களிலே நம் முன்னோர் செய்துள்ளனர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனினும், குறைந்த கூலியில் சிக்கனமாக வாழ்ந்து அவர்கள் சேர்த்துக் கொடுத்த வெள்ளியும் காசும் ஆலயங்களாகவும் தமிழ்ப்பள்ளிகளாகவும் நூலகமாகவும் தோட்ட நிலங்களாகவும் உருப்பெற்றன. அவ்வரலாற்றை நம் இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூலியும் செக்ரோலும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்கள் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாகவே இருந்தன. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் இவ்வட்டாரத்தில்தான் எழுந்தது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கொன்னியே என்னும் பிரெஞ்சு முதலாளி செம்பனையைப் பயிரிட்ட அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம். பெயர் தமிழாக இருந்தது; உழைத்த கரங்களுள் தமிழர் கரங்கள் மிகுதியாக இருந்தன; நிலம் மட்டும் பிறருடையதாக இருந்தது. அந்நாளைய தோட்டங்கள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

1928ஆம் ஆண்டளவில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 24 நாள் பெரட்டுக்குச் சென்ற ஆண் தொழிலாளிக்கு 12 வெள்ளி கிடைக்கும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. இரப்பரின் விலை உலகச் சந்தையில் சரிந்த 1930ஆம் ஆண்டில் அக்கூலியும் 40 காசு, 32 காசு எனக் குறைக்கப்பட்டது. மீண்டும் உயர்த்தப்பட்ட கூலி 1938இல் மறுபடியும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறும் தொழிலாளரை இங்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

இத்துணைச் சிறிய வருவாயிலிருந்து ஊரிலுள்ள பெற்றோருக்கு மணியார்டர் போயிற்று. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கெனக் கிராணியார் செக்ரோலில் பிடித்தம் செய்யும் சந்தாவும் போயிற்று. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் லயத்து மக்கள் அனைவரும் பங்கிட்டுச் செலவை ஏற்றனர். திருமணம் என்றால் மொய் எழுதினர். அவசரத்திற்குக் கூட்டுப் பணம் கட்டி, முறை வைத்து எடுத்துக்கொண்டனர். ஏமாற்றுக்காரர் கைக்கு அம்முறை போனபோது, கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆயினும், பலர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடுவது என்னும் அதன் அடிப்படை எண்ணம் உயர்ந்ததே என்பதை மறுப்பதற்கில்லை.

இச்சிக்கனத்திற்குப் பெரும்பகையாக நின்றது தோட்டத்துக் கள்ளுக்கடை. தொழிலாளி காலையில் ஈட்டியதை மாலையில் பறித்துக்கொள்ளும் ஏற்பாடாக அது விளங்கியது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டது. அப்போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. படை கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்நீத்தனர். கையில் வரும் காசு குடும்பத்திற்கே சேரவேண்டும் என்னும் உணர்வு அந்நாளிலேயே நம்மவரிடம் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

சிக்கனம் சங்கமான வரலாறு

தனியொருவரின் சேமிப்பு எளிதில் கரைந்துவிடும். பலர் சேமிப்பு ஓரிடத்தில் சேர்ந்து, கணக்கோடு காக்கப்படும்போதுதான் அது வலிமை பெறுகின்றது. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில் 28 பேர், பெரும்பாலும் ஏழை நெசவாளரும் கைவினைஞரும், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கடையைத் திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கம் அதனை முன்மாதிரியாகக் கொண்டது. மலாயாவில் 1922ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் முதன்முதலாகப் பதிவு பெற்றது அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களின் சிக்கன, கடனுதவிச் சங்கமாகும். சம்பளத்திற்கு முன்னரே கடனில் மூழ்கிய சிறு ஊழியர்களை வட்டிக்காரரிடமிருந்து மீட்பதே அதன் குறிக்கோள். சங்கத்தின் பெயரிலேயே சிக்கனம் என்னும் சொல் இடம்பெற்றிருந்தமை நோக்கத்தக்கது. அரசாங்க ஊழியன் என்ற முறையில், எங்களைப் போன்றோர் இன்றும் நுகரும் பயன்கள் பலவற்றின் தொடக்கம் அங்கே உள்ளது என்பதை நன்றியுடன் குறிப்பிடுகின்றேன்.

தமிழுக்குக் கொடுத்த வெள்ளி

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தது. அங்கே சமற்கிருதத்திற்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்னும் வாதமும் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழுக்காக முழங்கினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். அந்நிதிக்குச் செல்வர் மட்டும் கொடுத்திருந்தால் அது வரலாறாகியிராது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் ஒரு வெள்ளியும் இரண்டு வெள்ளியுமாகக் கொடுத்தனர். 1956இல் தொடங்கிய அத்துறையில் தமிழ் இடம்பெற்றது. பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வந்தன. அதே துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. பல்கலைக்கழக வாயிலைக் கண்ணால் கண்டிராத ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, தன் பிள்ளைகளுக்கும் பிறர் பிள்ளைகளுக்குமாகக் கொடுத்த வெள்ளி அம்மாநாட்டின் அடித்தளத்தில் இருந்தது.

தோட்டத் துண்டாடலும் பத்து வெள்ளியும்

1950களில் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டை ஒட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. ஒரு தோட்டம் துண்டாடப்பட்டால் நிலம் மட்டுமா பிரிகின்றது? லயத்து வீடும் தமிழ்ப்பள்ளியும் மருந்தகமும் கோயிலும் உரிமையாளர் இல்லாதவையாகிவிடும். சிறு நிலம் வாங்கியவர் குத்தகைக்காரர் மூலம் ஆள் வைத்துக்கொள்வார்; பழைய தொழிலாளி குடும்பத்தோடு வெளியேறவேண்டும். பேராசிரியர் உங்கு அசிஸ் இதனை ஆராய்ந்து அளித்த அறிக்கை 1962இல் வெளிவந்தது.

இந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் ஒரு வழியைக் கண்டார். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் விளங்கிய அவர், தோட்டத்தைப் பிறர் வாங்குவதைப் பார்த்து அழுவதைவிடத் தொழிலாளரே வாங்குவது மேல் எனக் கருதினார். 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கினைப் பெறலாம் என்பது திட்டம்.

இன்றைக்குப் பத்து வெள்ளி பெரிய தொகையன்று. அன்றோ தொழிலாளியின் நாட்கூலியே சில வெள்ளிகள்தாம். ஆகவே பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. பணம் திரும்பி வருமோ வராதோ என்னும் ஐயமும் மக்களுக்கு இருந்தது. துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, லயத்து மக்கள்முன் நின்று, அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசினார். மக்கள் நம்பினர், கட்டினர். 1961ஆம் ஆண்டு கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பின்னர் மேலும் பல தோட்டங்களை வாங்கியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஜொகூரிலோ சிலாங்கூரிலோ பத்து வெள்ளி கட்டிய தொழிலாளி, கெடாவிலிருந்த புக்கிட் சிடிம் தோட்டத்தில் வசிக்கவில்லை. அங்கே வேலை இழக்கவிருந்த, முகமறியாத குடும்பங்களை அவனுடைய பத்து வெள்ளி காத்தது. அதே வேளையில் அது தானமாகக் கரைந்துபோகவில்லை. பங்காக அவன் பெயரிலேயே நின்றது. பிறருக்கு உதவுதலும் தனக்கென்று சேமித்தலும் ஒரே காசில் நிறைவேறியமையே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. துன் சம்பந்தன் அவர்கள் 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார். தலைநகரில் சங்கத்தின் தலைமையகமாக எழுந்த மாளிகை அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நம் மலாய் சகோதரர்களிடமும் இத்தகையதொரு வரலாறு உண்டு. ஹஜ்ஜுக்குச் செல்ல நிலத்தையும் ஆடுமாடுகளையும் விற்ற கிராமத்து மக்களுக்காக, அதே உங்கு அசிஸ் 1959ஆம் ஆண்டு ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். 1963இல் செயற்பட்ட அந்நிறுவனமே பின்னாளில் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. பக்தியும் சிக்கனமும் கைகோத்தால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

நம் வட்டாரம் கூறும் பாடம்

வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் இன்று பெயரளவில்தான் உள்ளன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தமை நாம் அறிந்ததே. மூன்று தலைமுறை உழைத்தும் நிற்பதற்கு நிலமில்லை என்னும் நிலை, பத்து வெள்ளித் திட்டம் எத்துணைத் தொலைநோக்குடையது என்பதை உணர்த்துகின்றது. அது எட்டிய இடம் சில. எட்டாத இடம் பல.

இன்று நம்மவரின் வருவாய் உயர்ந்துள்ளது. ஆயின் தவணைக் கடனும் ‘ஆலோங்’ எனப்படும் வட்டிக்காரரும் விரைவில் பணக்காரராக்குவோம் என்னும் மோசடித் திட்டங்களும் பழைய கள்ளுக்கடையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. முன்னோர் குறைந்த வருவாயில் பிறருக்குக் கொடுத்தனர்; நாம் நிறைந்த வருவாயில் கடனாளியாகின்றோம். இது மாறவேண்டும்.

ஆலயம் இம்மாற்றத்திற்கு உரிய இடம். தோட்டத்துத் தொழிலாளிக்குச் சேமிப்பையும் பகிர்தலையும் முதன்முதலில் பழக்கிய பள்ளி, செக்ரோலில் பிடித்த கோயில் சந்தாவே அன்றோ? திருவிழா உபயத்தில் ஒரு சிறு பகுதியை ஏழை மாணவரின் கல்விக்கென ஒதுக்கி, அதன் வரவு செலவை ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், வாழைமரமும் தோரணமும் தரும் அழகினும் மேலான அழகு நம் ஆலயத்திற்கு உண்டாகும். கணக்கு நேர்மையாக இருப்பின் கொடுப்பதற்கு மக்கள் தயங்கார் என்பதற்குப் பத்து வெள்ளியின் வரலாறே சான்று.

ஒவ்வொரு குடும்பமும் திங்கள்தோறும் தன்னால் இயன்ற சிறு தொகையை, முதலில் சேமிப்புக்கும் பின்னர் பிறர்க்குமாக எடுத்துவைக்கும் பழக்கத்தை இத்திருவிழா நாளிலேயே தொடங்குவோமாக. விதைநெல்லையும் விருந்தாக்கிய அடியாரை ஆட்கொண்ட பெருமான், நம் சிறு சேமிப்பையும் ஏற்று அருள்புரிவானாக.