இணையப் போக்குவரத்து அணி

இணையப் போக்குவரத்து அணி என்பது ஒரு வலையமைப்பின் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எவ்வளவு தரவு செல்கிறது என்பதைக் காட்டும் எண்களின் அட்டவணை ஆகும். நாடு தழுவிய வலையமைப்பு ஒன்றில் புதிய ஒளியிழையை எங்கு இடுவது, ஓர் இணைப்பு அறுந்தால் அதன் சுமை எங்கு போய்ச் சேரும் ஆகிய வினாக்களுக்கு விடை காண இவ்வணி தேவை. இதனை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் கணித மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடுகின்றனர்.

அளவீட்டுச் சிக்கல்

திசைவிகள் ஒவ்வோர் இணைப்பிலும் கடந்து சென்ற பைட்டுகளை எண்ணி வைக்கின்றன. இவ்வெண்ணிகள் வழக்கமாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை படிக்கப்படும். (பழைய 32 பிட் எண்ணி, நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் முழுமையாக இயங்கும் இணைப்பில் சுமார் 34 நொடிகளில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். எனவே 64 பிட் எண்ணிகள் தேவைப்பட்டன.) இவ்வாறு கிடைப்பது இணைப்பின் மொத்தச் சுமை மட்டுமே.

எடுத்துக்காட்டாக அ, ஆ, இ என்னும் மூன்று முனைகள் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அ–ஆ இணைப்பில் 10 கிகாபிட்டும், ஆ–இ இணைப்பில் 8 கிகாபிட்டும் ஒரே திசையில் செல்கின்றன. இவ்விரு எண்கள் மட்டுமே தெரியுமெனில், அ-விலிருந்து இ-க்குச் செல்வது 0 முதல் 8 வரை எதுவாகவும் இருக்கலாம். அ-வையும் இ-யையும் நேரடியாக இணைக்கப் பெரும் பொருட்செலவில் இழை இட்டால், அது நிரம்பி வழியுமா வெறுமையாகக் கிடக்குமா என்பதை இத்தரவு கூறாது.

பெரிய வலையமைப்புகளில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த அபிலீன் வலையமைப்பு (1999–2007) 11 நகர முனைகளையும் 14 இருவழி இணைப்புகளையும் கொண்டிருந்தது. ஒவ்வொரு முனையிலும் நுழையும், வெளியேறும் மொத்த அளவுகளைச் சேர்த்தாலும் அதிகபட்சம் 50 சமன்பாடுகளே கிடைக்கும். அறியப்படாத மதிப்புகளோ 110.

மாதிரிகள்

1996 இல் யெகூதா வார்டி இச்சிக்கலுக்கு வலையமைப்பு டோமோகிராபி எனப் பெயரிட்டார். உடலை வெட்டாமல் உட்பகுதியைக் காட்டும் மருத்துவப் படிமவியலில் முன்னர் ஆய்வு செய்தவர் அவர். போக்குவரத்து பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்பது அவரது எடுகோள். ஆனால் பெல்கோர் நிறுவனத்தின் ஈதர்நெட் அளவீடுகளைக் கொண்டு லேலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகியோர் 1994 இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையான போக்குவரத்து அவ்வளவு சீரானதன்று எனக் காட்டியிருந்தது. அதன் ஏற்ற இறக்கங்கள் நொடியளவிலும் மணியளவிலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை.

ஈர்ப்பு மாதிரி இன்னும் எளியது. ஒரு முனை மொத்தப் போக்குவரத்தில் 20 விழுக்காட்டைப் பெறுமாயின், எந்த முனையிலிருந்து புறப்படும் தரவிலும் 20 விழுக்காடு அதற்கே செல்லும் என இது கொள்கிறது. பெயர் நியூட்டனை நினைவூட்டினாலும் இதில் தொலைவுக்கு இடமில்லை. இதன் மதிப்பீடு இணைப்புகளின் உண்மையான சுமைகளுடன் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. 2003 இல் ஏ.டி.&டி. ஆய்வாளர்களான யின் சாங், மேத்யூ ரோகன், நிக் டஃபீல்ட், ஆல்பர்ட் கிரீன்பெர்க் ஆகியோர் இரண்டையும் இணைத்தனர். முதலில் ஈர்ப்பு மாதிரியால் ஒரு தொடக்க மதிப்பீடு பெறப்படும். பின்னர் இணைப்புச் சமன்பாடுகள் நிறைவடையும் வரை மட்டும், இயன்ற அளவு குறைவாக அது திருத்தப்படும். டோமோகிராவிட்டி எனப்படும் இம்முறை இத்துறையின் பயனுள்ள முறைகளுள் ஒன்று.

அபிலீனில் 2004 இல் 24 வாரங்கள் திரட்டப்பட்ட 5 நிமிட இடைவெளித் தரவுகள் பொதுவில் வெளியிடப்பட்டன. மதிப்பீட்டு முறைகளைச் சோதிக்க விரும்பும் மாணவர்களுக்கு இவை நல்ல தொடக்கம்.

குறைபாடுகள்

ஈர்ப்பு மாதிரி, தரவு சேருமிடம் அது புறப்படுமிடத்தைச் சாராது எனக் கொள்கிறது. ஆனால் இணையத்தில் வேண்டுகோள் விடுத்த முனைக்கே மறுமொழி திரும்ப வேண்டும். இதைக் கருத்தில் கொண்டு எர்ரமில்லி, குரோவெல்லா, டாஃப்ட் ஆகியோர் 2006 இல் பொதிகளுக்குப் பதிலாக இருவழித் தொடர்புகளை அடிப்படையாகக் கொண்ட மாதிரியை முன்வைத்தனர்.

நிகழ்பட நிறுவனங்கள் பயனருக்கு அருகிலேயே இடைச்சேமிப்பு வழங்கிகளை நிறுவியது மற்றொரு சிக்கல். ஒரே படம் இன்று ஒரு நகரத்திலிருந்தும் நாளை வேறொரு நகரத்திலிருந்தும் வரலாம். அவ்வாறு மாறும்போது, பயனர் பார்ப்பது மாறாவிடினும் அணியின் எண்கள் மாறிவிடுகின்றன.