எல்லைக் கோடுகளும் நாஞ்சில் மண்ணும்

நாஞ்சில் நாடு என்னும் பெயர் நம் நாவில் அன்றாடம் புழங்குகிறது. ஆயினும் அரசின் வருவாய்ப் பதிவேட்டில் இப்பெயருடைய வட்டமோ மாவட்டமோ இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு வட்டங்களே அந்த ஏடுகள் அறிந்தவை. அரசு மறந்த பெயரை மக்கள் ஏன் மறக்கவில்லை என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே பழையாற்று நீராலும் எண்ணற்ற குளங்களாலும் விளைந்த நெல்வயல்களே நாஞ்சில் நாடு. அதற்கும் மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் நிலம் மேடும் பள்ளமுமாகச் செம்மண் பூமியாகிறது. அங்கே தென்னையும் மரச்சீனியும் இரப்பரும் செழிக்கின்றன. வடக்கே மலைக்காடு, தெற்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரே நாட்பயணத்தில் காணக்கிடைக்கும் சிறு நிலம் இது. இந்த வேறுபாடுகளைக் கண்டு மக்கள் இட்ட பெயர்களே நிலைத்தன.

ஆட்சியாளர் வகுத்த பிரிவுகளோ காலந்தோறும் மாறின. நாஞ்சில் நாட்டு ஊர்கள் பிடாகைகளாகக் கூடித் தம் காரியங்களைப் பேசி முடித்தன. திருவிதாங்கூர் அரசு, மண்டபத்தும் வாதுக்கல் என்ற பிரிவுகளை அமைத்துக் காரியக்காரரை நியமித்தது. பின்னர் அவை தாலுகாக்களாயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு ஆகிய ஐந்தும் பத்மநாபபுரம் டிவிஷன் எனப்பட்டன. பிற்காலத்தில் இரணியல் தாலுகாவும் மறைந்தது.

நாடு விடுதலை பெற்றபின் மொழிவழி மாநிலம் என்ற குரல் எழுந்தது. மார்ஷல் நேசமணி முதலானோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-இல் நான்கு வட்டங்கள் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. 2019-இல் கிள்ளியூரும் திருவட்டாறும் தனி வட்டங்களாயின.

இத்தகைய மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் கடற்கரை ஊர்களில் 1544-இல் மறைபரப்பிய புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15-இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அன்று அது சத்சுமா என்ற பழைய நாட்டுக்கு உட்பட்டது. அத்தகைய பகுதியை ஜப்பானியர் 'குனி' என்றனர். 'நாடு' என்பதே அதன் பொருள். 1871-இல் மெய்ஜி அரசு, பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்துக் 'கென்' என்னும் மாவட்டங்களை ஏற்படுத்தியது. முதலில் முந்நூறுக்கு மேல் இருந்த அவை, படிப்படியாக இணைக்கப்பட்டன. இன்று அந்நாட்டின் பெரும்பிரிவுகள் 47. சனுகி நாடு 1876-இல் எஹிமே மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1888-இல் ககாவா என்ற பெயரோடு மீண்டும் தனித்தது. ஆயினும் அங்கே சமைக்கும் கோதுமைச் சேமியாவை மக்கள் இன்றும் சனுகி உடோன் என்றே அழைக்கிறார்கள். நாஞ்சில் என்ற பெயர் நம்மிடையே வாழ்வதும் இவ்வாறே அன்றோ?

பெயர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோடு மாறும்போது வாழ்வு தவிக்க நேரிடுகிறது. நெய்யாற்றுப் பாசனத் திட்டம் தொடங்கியபோது விளவங்கோடும் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்துக்குள் இருந்தது. 1956-க்குப் பின் அணை கேரளத்திலும், இடதுகரைக் கால்வாயை நம்பிய 9,200 ஏக்கர் அளவிலான வயல்கள் தமிழகத்திலும் ஆயின. 2004-இல் நீர் நிறுத்தப்பட்டது. 2012-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கு நடக்க, வாய்க்கால் காய்ந்தது. மாறாக, பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் நின்றாலும் அதைப் பேணுவது கேரள அரசு; அந்த ஏற்பாடு இன்றுவரை இடரின்றி நடைபெறுகிறது. மனம் இருந்தால் கோட்டின் இருபுறத்தாரும் ஒன்றைப் பொதுவில் காக்க இயலும் என்பதற்கு அது சான்று.

திருச்சபையும் எல்லை வகுக்கிறது. கொல்லத்திலிருந்து 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் பிரிந்தது. 1937-இல் திருவனந்தபுரம் பிரிந்தது. 1996-இல் தக்கலையில் சீரோ மலபார், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை மறைமாவட்டங்கள் உருவாயின. 2014-இல் கோட்டாற்றிலிருந்து குழித்துறை பிரிந்தது. ஒவ்வொரு பிரிவின்போதும், பாகம் பிரிக்கும் குடும்பத்தில் எழுவது போன்ற கேள்வி எழத்தான் செய்யும்: எந்தப் பங்கு யாருக்கு? ஆனால் பிரிவின் நோக்கம் அதுவன்று. மேய்ப்பர் மந்தைக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

தூத்தூர் பகுதிக் கடற்கரை ஊர்கள் இதை நமக்குக் கற்பிக்கின்றன. அவை குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பங்குகளோ திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. அவ்வூர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல கொச்சியைத் தங்குதளமாகக் கொண்டவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, மீனவர்கள் அகப்பட்ட கடலில் மாநில எல்லை எதுவும் இல்லை. கரையிலோ, காணாமற்போனோரின் எண்ணிக்கை ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொன்றாக இருந்தது. அந்த டிசம்பரில் குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்து கேட்டது, தம் மக்களைத் தேடுங்கள் என்பதையே. எந்த அரசு தேடவேண்டும் என்பது அவர்கள் கேள்வியாக இருக்கவில்லை.

வட்டமும் மாவட்டமும் மறைமாவட்டமும் மனிதர் வகுத்தவை. அவை இன்னும் மாறலாம். யார் யாருக்குப் பொறுப்பு என்று சொல்வதற்கே கோடு தேவை. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதே கோட்டைக் காட்டுவது முறையன்று. நம் பங்கின் எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால், அது எந்தப் பங்கின் வீடு என்று கேட்கும் முன் அங்கே செல்வோம். எல்லைக்குரிய கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.