தாதியர் பயிற்சியில் ஆய்வுப் பாடம்: எட்டுக் கோப்பைத் தேநீர் சொல்லும் கணக்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாதியர் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள் ஊசி போடுவதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் எதிர்பார்த்தே போகிறார்கள். மிரள வைப்பது ஆய்வு முறையும் புள்ளியியலும்தான்.

ஆனால் தாதிமைத் தொழிலுக்கும் எண்களுக்கும் உள்ள உறவு பழையது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த வீரர்களே அதிகம் என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் வரைபடத்தால் காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்றார் ஒரு பெண்மணி. அதைச் சோதிக்கும் வழியை ரொனால்ட் ஃபிஷர் 1935இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மொத்தம் 8 கோப்பைகள். 4இல் பால் முதலில், 4இல் தேநீர் முதலில். வரிசை சமவாய்ப்பு முறையில் அமையும்; சுவைப்பவருக்கு அது தெரியாது. பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும்.

எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. வெறும் ஊகத்தால் நான்கும் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பு, அதாவது சுமார் 1.4 விழுக்காடு. மூன்று சரியானாலே போதும் என்று விட்டால், 70இல் 17 வழிகள் தேறிவிடும். அது சுமார் 24 விழுக்காடு.

இதை வகுப்பில் நடத்தக் கஹூட், மென்டிமீட்டர் போன்ற செயலிகள் உதவுகின்றன. "மூன்று கோப்பை சரியென்றால் நம்பலாமா?" என்று ஆசிரியர் கேட்பார்; மாணவர்கள் கைப்பேசியில் பதில் அளிப்பார்கள். பெயர் காட்டாத முறையில் நடத்தினால், கூச்சப்படும் மாணவரும் தயங்காமல் பதில் சொல்வார். திரையில் விழும் வரைபடம், வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியருக்கு உடனே காட்டும்.

அடுத்த படிதான் முக்கியம். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறைப்படி, சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. மாணவர்கள் பக்கத்தில் இருப்பவருடன் வாதிட்டு, மீண்டும் வாக்களிப்பார்கள். யார் முந்துவது என்ற போட்டியாக மட்டும் நடத்தினால் மாணவர்கள் ஊகிக்கவே பழகுவார்கள். இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்காத இடத்தில், வண்ண அட்டைகளைத் தூக்கிக் காட்டியும் இதே பாடத்தை நடத்தலாம்.

இந்தப் பாடத்தின் பயன் நோயாளியின் கட்டிலருகே தெரியும். புதிய களிம்பு தடவிய நான்கு பேரில் மூவருக்குப் புண் ஆறியது என்று யாரேனும் சொன்னால், "தடவாதவர்களில் எத்தனை பேருக்கு ஆறியது?" என்று கேட்கத் தெரிந்த தாதியே நோயாளிக்குத் துணை.