ஏரவாடா ஏடுகளும் மானாமதுரைச் சுருளும்: காந்தி ஆவணங்களை இணையத்தில் அடையாளப்படுத்தல்

புனே நகரின் ஏரவாடா மத்தியச் சிறையில் 1932 செப்டம்பர் 20ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். 24ஆம் நாள் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒப்பமிட்டோருள் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, இராஜாஜி ஆகியோர் தமிழகத்தார். 1933 பிப்ரவரி 11இல் புனேயிலிருந்து ‘ஹரிஜன்’ ஆங்கில வார இதழ் வெளிவந்தபோது அதன் ஆசிரியராக இருந்தவர் ஆர்.வி.சாஸ்திரி, காந்தியடிகள் சிறையிலிருந்தே அதற்கு எழுதினார். எனவே தமிழகத் தீண்டாமை ஒழிப்பு வரலாற்றை ஆராய்வோர்க்கு ஏரவாடா ஆவணங்கள் இன்றியமையாதன.

இவ்வேடுகளை இன்று காண்பது எளிது. சபர்மதி ஆசிரமத்தின் முயற்சியால் 2013இல் தொடங்கப்பெற்ற காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் என்னும் வலைத்தளம் ‘ஹரிஜன்’ இதழ்களைப் பக்கப் படிமங்களாகவே தருகிறது. அச்சேறிய பக்கம் தன் நாள், இதழ் எண், பக்க எண் ஆகியவற்றைத் தானே சுமந்து வருவதால் அதனை வகைப்படுத்துவோர்க்கு வேலை குறைவு. எனினும் இடப்பெயர் இங்கும் இடர் தருகிறது. தமிழில் ஏரவாடா, எரவாடா, எரவடா என எழுதுகிறோம்; ஆங்கில எழுத்திலும் வடிவங்கள் பல. 1930இல் அங்கிருந்து ஆசிரமத்தார்க்கு எழுதிய மடல்களில் காந்தியடிகள் ‘ஏரவாடா மந்திர்’ என்றே இடம் குறித்தார். ‘சிறை’ என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் தேடுவோர்க்கு அம்மடல்கள் அகப்படா. வடிவங்கள் அனைத்தையும் ஒரே தலைப்பின்கீழ் இணைத்தாலன்றிப் படிமம் இருந்தும் பயனில்லை.

அச்சேட்டுக்குள்ள இவ்வாய்ப்பும் திரைப்படச் சுருளுக்கு இல்லை. அதே புனேயில், 1964இல் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம், காந்தியடிகள் பற்றிய முப்பது சுருள்கள் கிடைத்ததாக 2019இல் அறிவித்தது. சற்றேறக்குறைய ஆறு மணி நேரம் ஓடக்கூடிய, தொகுக்கப்படாத இக்காட்சிகளில் தலைப்பட்டைகள் உண்டு, ஒலி இல்லை. அவற்றுள் இரண்டு தமிழர்க்கு நெருக்கமானவை. ஒன்று, 1946இல் காந்தியடிகள் மேற்கொண்ட தென்னாட்டுப் பயணம்: மானாமதுரைச் சந்திப்பு, மதுரை மீனாட்சியம்மன் கோயில், பழனிக் கோயில் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. மற்றொன்று, அவரது அஸ்தியை இராமேசுவரத்திற்கு ஏற்றிச் சென்ற தொடர்வண்டியும், வழி நிலையங்களில் திரண்ட மக்களும்.

சுருள்கள் எவ்வாறு சிதறும் என்பதற்கு ஏ.கே.செட்டியாரின் முயற்சி சான்று. பல நாடுகளில் அலைந்து அவர் திரட்டிய படத்துண்டுகள் சுமார் 50,000 அடி. அவற்றிலிருந்து உருவான ‘மகாத்மா காந்தி’ தமிழ் ஆவணப்படம் 1940 ஆகஸ்டில் திரையிடப்பட்டது. அதன் பிரதி நெடுங்காலம் அகப்படாதிருந்தது. பின்னர் ஆ.இரா.வேங்கடாசலபதி தேடிக் கண்டது, 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில வடிவத்தையே. தமிழ்ப் படத்தின் தமிழ்க்குரல் அதில் இல்லை.

ஒலியற்ற சுருளை மின்கோப்பாக்கி வலைத்தளத்தில் இடுவோர் கோப்பின் அளவையும் ஓடும் நேரத்தையும் பதிவதோடு நின்றுவிடுவது பெருவழக்கு. எடுக்கப்பட்ட வேகத்தைப் பலர் குறிப்பதில்லை. நொடிக்கு 16 அல்லது 18 படங்களாக எடுத்ததை 24ஆக ஓட்டினால் எல்லாரும் ஓடுவதுபோல் நடப்பர். காந்தியடிகளின் நடை இயல்பிலேயே விரைவானது, அதனால் பிழை புலப்படுவதும் அரிது. தலைப்பட்டையை வெட்டிவிட்டுக் காட்சியை மட்டும் வெளியிடுவது இதனினும் கேடு. ஒலியில்லாத இடத்தில் அப்பட்டையே பெரும்பாலும் ஒரே சாட்சி. அதன் எழுத்துகளைப் படியெடுத்து, காட்சி தொடங்கும் நொடியோடு பொருத்தி, ஊர்ப்பெயரைத் தமிழிலும் பதிதல் வேண்டும். எந்த நிலையம் எது என்று அறியத் தென்மாவட்ட ஊர்களை அறிந்த கண் தேவை; இப்பணியைப் புனேயாரிடம் மட்டும் விட்டுவிடுதல் முறையன்று.

மதுரைக் காட்சியே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1934இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்லவில்லை. ஒடுக்கப்பட்டோர்க்கு அப்போது அங்கு நுழைவுரிமை இல்லை. 1939 ஜூலை 8இல் அ.வைத்தியநாதய்யர் தலைமையில் அவர்கள் உள்ளே சென்றனர். 1946 பிப்ரவரியில் காந்தியடிகளும் சென்றார். ஆண்டு குறிக்கப்படாத கோப்பில் தெரிவது ஒரு கோபுரமும் கூட்டமுமே.