கும்புறுமூலைக் கேள்வியும் பிரதேச சபைக் கோப்பும்

கல்குடா, கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலை கட்டப்படுவது 2017 மார்ச்சில் பெரும் சர்ச்சையானது. செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர்கள் தாக்குதலுக்குள்ளானார்கள். அப்போது எழுந்த முதன்மையான கேள்வி, இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்பதுதான்.

கட்டட அனுமதி உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம். கல்குடாவுக்கு அது வாழைச்சேனையிலுள்ள கோறளைப்பற்று பிரதேச சபை. சபையிடம் அனுமதிக் கோப்பு இருந்தால் அது ஒரு பதில். இல்லையென்றால் அதுவும் ஒரு பதில். அந்தக் கோப்பைக் கேட்கும் உரிமை அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2017 பெப்ரவரி 3 அன்று, நடைமுறைக்கு வந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும்.

இந்தச் சட்டம் பற்றி நான் பேசும் இடங்களிலெல்லாம் முதலில் வருவது ஒரு தயக்கம்: “ஏன் கேட்கிறாய் என்று கேட்டால்?” கேட்க முடியாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

2023 மார்ச் 19 அன்று சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலோ பணமில்லை என்று தள்ளிப்போயிருந்தது. 2025 மே 6 வரை தேர்தல் நடக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேலாக, வட்டார உறுப்பினரைப் பிடித்து வடிகானைப் பற்றிக் கேட்கும் வழிகூட இருக்கவில்லை. அதிகாரிகள் நடத்திய சபையிடம் சட்டப்படி பதில் கேட்க, பொதுமக்கள் கையில் இருந்த நேரடி வழி இந்த விண்ணப்பம்தான். அதை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று நாங்களே கேட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தின் 9ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்ளூர் நிதித் திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்னரே பொறுப்பான அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாட்டு நிதியென்றால் அந்த எல்லை ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். கடற்கரை முழுவதும் திட்டங்கள் வந்துபோகும் பாசிக்குடா, கல்குடாவுக்கு இது சின்ன விடயமல்ல.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். “எங்கள் வீதி ஏன் போடப்படவில்லை?” என்று எழுதினால் விளக்கக் கடிதம்தான் வரும். அந்த வீதிக்கான மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவுச் சிட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். நாட்கணக்கு பின்னர் அதை வைத்துத்தான்.